கோணமானியும் நான்கு முடிச்சுகளும்

பள்ளிக்கூடம் முடித்த பிறகு நான் கோணமானியைக் கையில் எடுத்தது 53ஆவது வயதில்தான். மகளின் பழைய ஜியாமெட்ரி பாக்ஸில் ஓரம் தேய்ந்த பிளாஸ்டிக் கோணமானி ஒன்று கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். போனில் எடுத்து வைத்திருந்த படத்தின் மேல் அதை வைத்து, விறைத்த நிலையில் என் ஆண்குறி எத்தனை பாகை மேல்நோக்கி வளைந்திருக்கிறது என்று அளந்தேன். 40 வந்தது. அந்தக் கணக்கு தப்பு என்பது பின்னால்தான் தெரிந்தது.

அதற்கு ஏழு மாதம் முன்னால் ஆரம்பித்தது இது. ஒரு விடியற்காலை விறைப்பில் சுருக்கென்று ஒரு வலி. தூக்கத்தில் எப்படியோ படுத்துவிட்டோம் என்று விட்டுவிட்டேன். அடுத்தடுத்த வாரங்களில் விறைக்கும்போதெல்லாம் அதே இடத்தில் அதே வலி. குளிக்கும்போது தொட்டுப் பார்த்தால் மேல்பக்கம் தோலுக்கு அடியில் பட்டாணி மாதிரி ஒரு கெட்டி. நாலாவது மாதம் லேசாக வளைய ஆரம்பித்தது. ஆறாவது மாதம் 'லேசாக' என்று என்னையே ஏமாற்றிக்கொள்ள முடியவில்லை.

அந்த ஏழு மாதமும் நான் வீட்டில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மனைவியிடம் முதுகு வலி என்றேன், வேலை அலுப்பு என்றேன், ராத்திரி அவள் தூங்கிய பிறகு படுக்கப் போனேன். அந்தக் கெட்டி புற்றுநோயாக இருக்குமோ என்ற பயம் ஒரு பக்கம். சின்ன வயதுக் கைப்பழக்கத்துக்குக் கிடைத்த தண்டனையோ என்ற கூச்சம் இன்னொரு பக்கம். இணையத்தில் தேடினால் 'ஏழே நாளில் நேராகும்' என்று எண்ணெய் விற்கிறார்கள். வெட்கப்படாமல் சொல்கிறேன், ஒரு புட்டி வாங்கித் தடவினேன். தோல் எரிந்தது, வேறொன்றும் நடக்கவில்லை. அப்புறம் முதலில் பார்த்த ஒரு டாக்டர், பேன்ட்டைக் கழற்றக்கூடச் சொல்லாமல், மூன்று மாதத்துக்கு வைட்டமின் ஈ மாத்திரை எழுதிக் கொடுத்தார். அமெரிக்க யூராலஜி சங்கம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலே இந்த நோய்க்கு வைட்டமின் ஈ கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அது எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியவில்லை போல.

இரண்டாவதாகப் பார்த்த யூராலஜிஸ்ட் செய்த முதல் காரியம், என் உள்ளங்கையை நீட்டச் சொன்னது. கைரேகையா பார்க்கிறார் என்று குழம்பிப்போனேன். விரல்களை மடக்கி நீட்டி, உள்ளங்கையில் கயிறு மாதிரி ஏதாவது தடித்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். டூப்பிட்ரன் என்று ஒரு கை நோய் உண்டாம். உள்ளங்கைத் திசு தடித்து விரலை உள்ளே இழுக்கும். அது இருப்பவர்களுக்கு இதுவும் வருவது சகஜமாம். எனக்குக் கையில் ஒன்றுமில்லை. சர்க்கரை நோய் மட்டும் இருந்தது. அதுவும் இதற்குத் துணை போகும் என்றார்.

பிறகுதான் நோயின் பெயரைச் சொன்னார். பெய்ரோனி நோய். பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் அறுவை மருத்துவராக இருந்த பிரான்சுவா ழிகோ தெ லா பெய்ரோனி 1743இல் இதை விவரித்து எழுதியதால் அந்தப் பெயர். பெய்ரோனி சொன்ன வைத்தியம், பைரனீஸ் மலையில் பாரேஜ் என்ற ஊரின் வெந்நீர் ஊற்றுத் தண்ணீர். நான் எண்ணெய் தடவியதை நினைத்து அன்றைக்கு முதல்முறையாகக் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

"சார், இது கேன்சர் இல்லை. தொற்று இல்லை. வீட்டுக்காரங்களுக்குப் பரவாது. நீங்க செஞ்ச தப்பும் இல்லை" என்று விரல் விட்டு எண்ணுகிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லோரும் கேட்கும் கேள்விகள் அவைதான் போலிருக்கிறது. நான் கேட்காமலேயே பதில் வந்தது பெரிய நிம்மதி.

அவர் விளக்கியது இப்படி. ஆண்குறிக்குள் ரத்தம் நிரம்பும் இரண்டு நீளமான உருளைகள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றிக் கெட்டியான வெள்ளை உறை ஒன்று. விறைக்கும்போது அந்த உறை நீண்டு கொடுக்க வேண்டும். உறவின்போது, முக்கியமாக முழு விறைப்பு இல்லாத நேரத்தில், சற்றே மடங்கி அந்த உறையில் நுண்ணிய காயங்கள் படும். பெரும்பாலோருக்கு அது தானாக ஆறிவிடும். சிலருக்கு ஆறும் விதம் பிசகி, அந்த இடத்தில் நீண்டு கொடுக்காத தழும்பு படிகிறது. மேசை டிராயரிலிருந்து ஒரு நீள பலூனை எடுத்தார். ஒரு பக்கத்தில் செல்லோ டேப்பைத் துண்டாக ஒட்டிவிட்டு ஊதினார். டேப் இருந்த பக்கமாக பலூன் வளைந்தது. "அவ்வளவுதான் உங்க நோய்" என்றார். பின்னாளில் அறுவை சிகிச்சைகளைப் புரிந்துகொள்ளவும் எனக்கு அந்த பலூனே போதுமானதாக இருந்தது.

சரி, ஆபரேஷன் எப்போது என்று கேட்டேன். இப்போது இல்லை என்றார். இந்த நோய்க்கு இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் வலி இருக்கும், வளைவு மாறிக்கொண்டே இருக்கும். இது பெரும்பாலும் 6 முதல் 18 மாதம் வரை நீளும். அப்புறம் வலி அடங்கி வளைவு ஒரே நிலையில் நிற்கும். அப்படி நின்று குறைந்தது மூன்று முதல் ஆறு மாதம் ஆன பிறகுதான் கத்தி வைப்பது. நகர்ந்துகொண்டிருக்கும் தழும்பில் ஆபரேஷன் செய்தால் நேராக்கிய பிறகும் மறுபடி வளையலாம். நான் கெஞ்சினேன். அவர் அசையவில்லை. அவசரப்பட்டு ஒத்துக்கொள்ளும் சர்ஜன் கிடைத்திருந்தால் நான் அன்றைக்கே படுத்திருப்பேன். கிடைக்காமல் போனது நல்லதாயிற்று.

இடைப்பட்ட மாதங்களுக்கு வலி மாத்திரையும், விரும்பினால் தினமும் மாட்டிக்கொள்ள ஓர் இழுவைக் கருவியும் சொன்னார். அதை ஒரு நாளைக்குப் பல மணி நேரம் மாட்டியிருக்க வேண்டும். நான் மூன்று வாரம் முயன்று விட்டுவிட்டேன். பொறுமைசாலிகளுக்குக் கொஞ்சம் பலன் உண்டு என்கிறார்கள். ஊசி ஒன்றும் இருக்கிறது. கொலாஜனேஸ் என்ற நொதியைத் தழும்புக்குள்ளேயே செலுத்தி அதை இளக்குவது. அமெரிக்காவில் 2013இல் இந்த நோய்க்கு அனுமதி பெற்றது. ஐரோப்பியச் சந்தையிலிருந்து 2020இல் அதை விற்ற நிறுவனமே விலக்கிக்கொண்டது. என் தழும்பில் சுண்ணாம்பு படிந்திருப்பது அல்ட்ராசவுண்டில் தெரிந்ததால், எனக்கு ஊசி வேலை செய்யாது என்று அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

கோணமானிக்கு வருகிறேன். ஒவ்வொரு மாதமும் வீட்டில் முழு விறைப்பில் படம் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார். நான் நின்றபடி மேலிருந்து மட்டும் எடுத்தேன். மேல்நோக்கிய வளைவை மேலிருந்து எடுத்தால் பாதி வளைவு தெரியாது. பக்கவாட்டிலிருந்து ஒன்று, நேர் மேலிருந்து ஒன்று என இரண்டு வேண்டும். அதுவும் வளைவு ஆரம்பிக்கும் இடத்துக்கு நேராக போன் இருக்க வேண்டும். இன்னொன்று, மனசு பயந்திருக்கும் நேரத்தில் வரும் அரைகுறை விறைப்பில் வளைவும் அரைகுறையாகத்தான் தெரியும். இப்படித்தான் எனக்கு 40 வந்தது.

உண்மையான அளவு கிளினிக்கில் எடுத்தது. பக்கவாட்டில் மெல்லிய ஊசியால் ஒரு மருந்து செலுத்தினார்கள். எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. பத்து நிமிடத்தில் விறைப்பு வந்தது. டாப்ளர் ஸ்கேனில் ரத்தம் எவ்வளவு வேகமாக வருகிறது, எவ்வளவு தங்குகிறது என்று பார்த்தார்கள். பிறகு டாக்டர் உலோகக் கோணமானி ஒன்றை வைத்து அளந்தார். மேல்நோக்கி 55 பாகை, இடப்பக்கம் சுமார் 15. விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் இறங்காவிட்டால் எந்த நேரமானாலும் உடனே வர வேண்டும் என்று எழுதியே கொடுத்து அனுப்பினார்கள். எனக்கு ஒரு மணி நேரத்தில் இறங்கிவிட்டது. இந்த டெஸ்ட் இல்லாமல் ஒரு சர்ஜன் உங்களுக்கு ஆபரேஷன் தேதி கொடுத்தால், என் யோசனை, வேறு சர்ஜனைப் பாருங்கள்.

விறைப்பு இல்லாத நிலையில் நீளத்தையும் அளந்தார். ஆண்குறியின் முனை மொட்டைப் பிடித்து இழுத்து, ஸ்கேலை அடிவயிற்று எலும்பு வரை அழுத்தி, நுனி வரை. 12.5 செ.மீ. அதை நோட்டில் எழுதி, கீழே என்னிடம் கையெழுத்து வாங்கினார். எதற்கு இது என்றேன். "ஆபரேஷனுக்கு அப்புறம் எல்லாரும் முன்னாடி ரொம்பப் பெருசா இருந்துச்சுன்னு சொல்வாங்க சார்" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை. பிறகு சீரியஸாக, நோயே நீளத்தைக் குறைத்திருக்கும், அதை எந்த ஆபரேஷனும் முழுசாகத் திருப்பித் தராது என்றார்.

என்னென்ன ஆபரேஷன் என்று அன்று ஒரு மணி நேரம் பேசினார். எது நல்லது என்று நான் கேட்டதற்கு, அப்படி ஒன்று கிடையாது என்றார். மூன்று விஷயம் பார்க்க வேண்டும். விறைப்பு எவ்வளவு நன்றாக வருகிறது, எத்தனை பாகை வளைவு, எவ்வளவு நீளம் கைவசம் இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்துதான் ஆபரேஷனைத் தேர்ந்தெடுக்கின்றன, நாம் தேர்ந்தெடுப்பது ரொம்பக் கொஞ்சம். கூடவே, ஆண்குறியின் நடுப்பகுதி மணல் கடிகாரத்தின் இடுப்பு மாதிரி ஒடுங்கியிருக்கிறதா, விறைத்த நிலையில் அந்த இடத்தில் மடங்குகிறதா என்றும் பார்ப்பார்கள்.

முதல் வழி, பலூனில் டேப் ஒட்டாத பக்கத்தைச் சுருக்குவது. தழும்பைத் தொடவே மாட்டார்கள். நீளமாக இருக்கும் எதிர்ப்பக்கத்தில் தையல் போட்டு மடித்து, குட்டையான பக்கத்துக்குச் சமமாக்குவார்கள். இதன் மூத்த வடிவம் நெஸ்பிட் முறை. ரீட் நெஸ்பிட் என்ற அமெரிக்க சர்ஜன் 1965இல் பிறவி வளைவுக்காக எழுதியது, பிற்பாடுதான் இந்த நோய்க்கும் வந்தது. அதில் எதிர்ப்பக்க உறையில் ஒரு சின்னக் கண் வடிவத் துண்டை வெட்டி எடுத்துத் தைப்பார்கள். 10 பாகை வளைவுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டுவது என்று ஒரு கணக்கும் உண்டு. வெட்டாமல் மடித்து மட்டும் தைக்கும் முறைகள் பின்னால் வந்தன. அவற்றில் ஒன்றுக்குப் பதினாறு புள்ளி முறை என்றே பெயர். உறையில் மையால் 16 புள்ளி வைத்து, அவற்றின் வழியே நான்கு தையல் ஓட்டி முடிச்சுப் போடுவது. வளைவு 60 பாகைக்குள், விறைப்பு நன்றாக, நீளம் போதுமானதாக, இடுப்பு ஒடுங்காமல் இருந்தால் இதுதான் பொதுவாக முதல் தேர்வு. விறைப்புத் தன்மைக்கு ஆபத்து குறைவு. விலை என்னவென்றால், நீளம். நீளமான பக்கம் குட்டையான பக்கத்துக்கு வந்து சேர்கிறதே தவிர, குட்டையானது நீளமாவதில்லை.

இரண்டாவது வழி, டேப்பையே வெட்டுவது. தழும்பைக் கீறியோ கொஞ்சம் வெட்டி எடுத்தோ, அந்த இடைவெளியில் ஒட்டுத் துண்டு வைத்துத் தைப்பார்கள். அந்த ஒட்டு உங்கள் தொடை ரத்தக் குழாயாக இருக்கலாம், மாட்டின் இதய உறையாக இருக்கலாம், பன்றிக் குடலிலிருந்து எடுத்த திசுவாக இருக்கலாம். உங்கள் மனசுக்கு எது ஒப்பாதோ அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மேசையில் மயக்கத்தில் படுத்த பிறகு கேட்க முடியாது. 60 பாகைக்கு மேல் வளைவு, மணல் கடிகார இடுப்பு, ஏற்கெனவே நீளம் குறைந்துபோனவர்கள், இவர்களுக்கு இந்த வழி. மேல்பக்கத் தழும்பு என்றால் அதை எட்டுவதற்கு மேலே ஓடும் நரம்பு, ரத்தக் குழாய்களை அப்படியே தூக்கி ஒதுக்க வேண்டும். அதனால் மொட்டில் மரத்துப்போவதும், விறைப்பு பலவீனமாவதும் முதல் வழியைவிட இதில் அதிகம். விறைப்பு ஏற்கெனவே சுமாராக இருப்பவர்களுக்கு இதைச் செய்யத் தயங்குவார்கள். 'நீளம் குறையாத ஆபரேஷன்' என்று கேள்விப்பட்டு நான் முதலில் ஆசைப்பட்டது இதற்குத்தான். முதல் வழியைவிடக் குறைவாகக் குறையும் என்பதுதான் நிஜம். குறையவே குறையாது என்று இதிலும் யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

மூன்றாவது, மாத்திரை போட்டும் உறவுக்குப் போதிய விறைப்பு வராதவர்களுக்கு. இரண்டு உருளைகளுக்குள்ளும் செயற்கைக் குழாய்களை வைத்துவிடுவது. வளைத்து நிமிர்த்தும் கம்பி வகையும் உண்டு, பம்ப் வகையும் உண்டு. பம்ப் வகையில் விதைப்பைக்குள் ஒரு சின்ன பம்ப், அடிவயிற்றில் உப்புநீர் நிரம்பிய ஒரு பை. பம்பை அமுக்கினால் நீர் குழாய்க்குள் போய் விறைக்கும், பொத்தானை அழுத்தினால் இறங்கும். குழாயை வைத்து ஊதியதுமே பலருக்கு வளைவு பெருமளவு நிமிர்ந்துவிடும். மீதி இருந்தால், மேசையிலேயே கையால் எதிர்த்திசையில் சுமார் 90 விநாடி வளைத்துப் பிடித்து நிமிர்த்துவார்கள். கேட்டபோது எனக்குக் கண் இருட்டியது. ஆனால் காத்திருப்பு அறையில் பழக்கமான ஒரு பெரியவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதைச் செய்துகொண்டவர். "தம்பி, நாலு வருஷமா செத்துக் கிடந்த வாழ்க்கை இது. இப்போ எந்த வருத்தமும் இல்லை" என்றார். ஒன்று மட்டும் எச்சரித்தார். இது திரும்பி வர முடியாத வழி. குழாய் வைத்த பிறகு இயற்கையான விறைப்பை எதிர்பார்க்கக் கூடாது. கிருமி பிடித்தால் எல்லாவற்றையும் வெளியே எடுக்க நேரலாம். கருவியும் ஆயுளுக்கு ஓடாது, பல வருடம் கழித்து மாற்ற வேண்டி வரலாம்.

என் கணக்கு எளிதாக முடிந்தது. விறைப்பு சின்ன மாத்திரையோடு நன்றாக வருகிறது, 55 பாகை, இடுப்பு ஒடுங்கவில்லை. மடிப்புத் தையல். மேல்நோக்கிய வளைவு என்பதால் தையல் அடிப்பக்கத்தில் வரும், சிறுநீர்க் குழாய்க்கு இரு புறமும். மேலே ஓடும் நரம்புகளைத் தூக்க வேண்டியதில்லை. அது எனக்கு அதிர்ஷ்டம்.

ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. "அடுத்த தடவை வீட்டுக்காரங்களைக் கூட்டிட்டு வாங்க. இல்லைன்னா தேதி கொடுக்க மாட்டேன்" என்றுவிட்டார் டாக்டர். அன்றிரவு விளக்கை அணைத்த பிறகு சொன்னேன். வெளிச்சத்தில் சொல்லத் தைரியம் வரவில்லை. அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நான் என்னவெல்லாமோ நெனச்சுட்டு இருந்தேங்க. வேற யாரோ இருக்காங்கன்னுகூட நெனச்சேன்" என்றாள். நான் ஒளித்தது வளைவை. அவள் பார்த்தது வேறு ஒன்றை. ஒரு வருடத்துக்கு மேல் ஒரே கட்டிலில் இரண்டு பேரும் தனித்தனி நோயில் கிடந்திருக்கிறோம். டாக்டரிடம் அவள் கேட்ட கேள்வி எனக்குத் தோன்றவே தோன்றாதது. "இப்படியே விட்டா என்ன ஆகும்?" ஒன்றும் ஆகாது, உயிருக்கு ஆபத்தில்லை, உறவு சாத்தியமாகவும் வலி இல்லாமலும் இருந்தால் ஆபரேஷன் தேவையே இல்லை என்றார் டாக்டர். எங்களுக்கு உறவு சாத்தியமாக இல்லை. அவளுக்கும் வலித்தது. அதனால் செய்வது என்று முடிவானது. யாராவது முன்பே அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் 40 பாகையிலேயே நான் அவ்வளவு அரண்டிருக்க மாட்டேன்.

முதல் வலியிலிருந்து பதினாறாவது மாதம் ஆபரேஷன். வளைவு மாறாமல் ஆறு மாதம் ஆகியிருந்தது. அதற்குள் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள், சிகரெட்டை நிறுத்தியிருந்தேன். ரத்தம் நீர்க்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை எப்போது நிறுத்துவது என்று கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள், தானாக நிறுத்தாதீர்கள். இன்னொரு விஷயம் பலருக்குக் கடைசி நிமிடத்தில்தான் தெரிகிறது. பல சமயம் மொட்டுக்குக் கீழே சுற்றிலும் கீறித் தோலை அடிவரை உறை மாதிரி இறக்கித்தான் உள்ளே வேலை செய்வார்கள். முன்தோல் இறுக்கமாக இருந்தால் அதை நீக்கிவிடவும் சொல்வார்கள், இல்லையென்றால் வீங்கி மாட்டிக்கொள்ளும். என் முன்தோலை நீக்கினார்கள். அதற்கும் சேர்த்துத்தான் ஒப்புதல் கையெழுத்து.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைத்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் நடப்பது எனக்குத் தெரியாது, காதில் மட்டும் விழும். அடியில் பட்டை கட்டி உப்புநீரை ஏற்றி விறைப்பு உண்டாக்கிப் பார்த்துப் பார்த்துத் தைப்பார்கள் என்று முன்பே சொல்லியிருந்தார். "இன்னும் கொஞ்சம்... இறக்குங்க... மறுபடி ஏத்துங்க" என்று தையற்கடையில் சட்டை அளவு பார்க்கிற மாதிரி பேச்சு. ஒன்றேகால் மணி நேரம். நான்கு முடிச்சு. மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் கட்டுப் பிரித்தபோது கண்ணாடியில் பார்த்தது என் உடம்பு என்றே தோன்றவில்லை. கத்தரிக்காய் நிறத்தில் விதைப்பை வரை கன்றிப்போய், வீங்கி, தையல் வரிசை கறுப்பாக. அலறியடித்து டாக்டருக்குப் படம் அனுப்பினேன். 'நார்மல்' என்று ஒரே வார்த்தை பதில். நிஜமாகவே நார்மல்தான். இரண்டாவது வாரம் மஞ்சளாகி மறைந்தது. வீக்கம் முழுசாக வடிய மேலும் சில வாரம் ஆனது. படுக்கும்போதும் உட்காரும்போதும் அதை மேல்நோக்கி அடிவயிற்றில் சாய்த்து வைத்தால் வீக்கம் சீக்கிரம் வடிகிறது. காய்ச்சல், சீழ், சிறுநீர் போகாமல் அடைத்துக்கொள்வது, கன்றல் திடீரென்று பெரிதாவது, இவற்றுக்கு மட்டும் காத்திருக்காமல் ஓட வேண்டும்.

யாரும் சரியாக எச்சரிக்காதது ராத்திரி விறைப்பை. தூக்கத்தில் பெரும்பாலான ஆண்களுக்கு மூன்று முதல் ஐந்து முறை வரும், அதை நிறுத்த முடியாது. புதுத் தையலோடு அது வரும்போது வலியில் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். எழுந்து நடந்து, சிறுநீர் கழித்துவிட்டு, மெல்லிய துணி சுற்றிய ஐஸ் பையைச் சற்று நேரம் வைத்தால் இறங்கும். முதல் பத்து ராத்திரி தூக்கமே இல்லை. அவள் பல ராத்திரி கூடவே விழித்திருந்தாள். அந்த இருட்டில் நாங்கள் பேசிய அளவுக்கு அதற்கு முந்தைய ஐந்து வருடத்தில் பேசியிருக்க மாட்டோம்.

உறவு ஆறு வாரத்துக்குக் கூடாது. கைப்பழக்கமும் கூடாது. ஐந்தாவது வாரம் எல்லாம் ஆறிவிட்ட மாதிரித் தெரியும், அப்போதுதான் ஆபத்து. தோல் ஆறுவது வேறு, உள்ளே உறை ஆறுவது வேறு. மூன்றாவது வாரத்திலிருந்து தினமும் மெல்ல இழுத்துப் பிடிக்கும் பயிற்சி ஒன்று சொல்லிக்கொடுத்தார், அதை ஒழுங்காகச் செய்தேன். மொட்டில் லேசான மரத்துப்போன உணர்வு மூன்று மாதம் வரை இருந்து விலகியது.

ஆறாவது மாதம் மறுபடி அளவு. மேல்நோக்கிய வளைவு இல்லை. இடப்பக்கம் 10 பாகை மிச்சம். 20க்குள் இருந்தால் உறவுக்குத் தொந்தரவில்லை என்று அதை விட்டுவிடுவார்களாம். நீளம் 11.5. சரியாக ஒரு செ.மீ. போயிருக்கிறது. என் கையெழுத்துப் போட்ட அந்த நோட்டு மட்டும் இல்லையென்றால் நானும் சண்டை பிடித்திருப்பேன், மூன்று செ.மீ. போய்விட்டது என்று. கண்ணுக்கு அப்படித்தான் தெரிகிறது. நோய்க்கு முன்னால் இருந்ததோடு மனசு ஒப்பிடுகிறது. ஸ்கேல் ஆபரேஷனுக்கு முந்தைய நாளோடு ஒப்பிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் தழும்பு தின்றது.

இந்த நோய் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மனச்சோர்வு இருக்கிறது என்று ஆய்விலேயே வந்திருக்கிறது. அதைப் படித்தபோது ஆச்சரியப்படவில்லை. காத்திருக்கச் சொன்ன அந்த மாதங்களில் நான் ஒரு மனநல ஆலோசகரைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அந்த இடத்தில் நான் செய்தது தவறு.

இப்போது அதே கிளினிக்கில் புதிதாக வருபவர்கள் சிலரிடம் டாக்டர் என் எண்ணைக் கொடுக்கிறார், என் சம்மதத்தோடு. போன வாரம் ஒருவர் பேசினார். எடுத்த எடுப்பில் "ஒட்டு வைக்கிறதா, தையலா, எது பெஸ்ட்?" என்றார். வலி நின்று எத்தனை மாதம் ஆச்சு என்று கேட்டேன். இன்னும் நிற்கவில்லை என்றார். வீட்டில் சொல்லியாச்சா என்றேன். அந்தப் பக்கம் பேச்சில்லை. பக்கவாட்டில் எப்படிப் படம் எடுப்பது என்று மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு வைத்தேன்.

முடிச்சுகள் இன்னும் கைக்குத் தட்டுப்படுகின்றன. கரையாத நூல், அதனால் போகாது. அரிசி அளவில் நாலு, தோலுக்கு அடியில். மூன்று அமைதியாக இருக்கின்றன. வலப்பக்கம் இருக்கும் ஒன்று மட்டும் சில நேரம் குத்தும். வேண்டுமானால் பிறகொரு நாள் மரக்க ஊசி போட்டு அந்த முடிச்சை மட்டும் எடுத்துவிடலாம், அதற்குள் உறை ஆறிப் பிடித்திருக்கும் என்கிறார் டாக்டர். யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவள் வேண்டாம் என்கிறாள்.